நமத்துப்போன தீக்குச்சி

மேலகரத்தில் என் கணவர் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கடை வைத்திருக்கிறார். சாரல் காலத்தில் நனைந்த விறகோடு நான் மல்லாடுவதைப் பார்த்து, தண்ணீரில் கரண்டு விட்டு எரிகிற வாயு எடுத்துத் தருகிறேன் என்று கிளம்பினார். பூஜையறையில் பேட்டரிகளை அடுக்கி, தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்த தகர டின்னில் வாயுவைப் பிடித்தார்.

அன்று சாரலுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியிருந்தேன். டின் நிரம்பி வாயு வெளியேறியது எனக்குத் தெரியாது. அந்தியில் விளக்கேற்றக் குச்சியை உரசினேன். நமத்திருந்ததால் பற்றவில்லை. இன்னொன்றை எடுத்தேன்.

“ஏட்டி, உரசாத! ரூம் பூரா வாயு நெறஞ்சு கெடக்கு!” என்று கத்தியபடி அவர் ஓடிவந்து தீப்பெட்டியைப் பிடுங்கினார்.

பிறகு என்ன ஆகியிருக்கும் என்று எனக்குக் காட்ட, டின்னைத் தெருவுக்குக் கொண்டுபோய் நீளக் கம்பால் தீ காட்டினார். டின் வெடித்துக் கிழிந்தது.

இப்போது ஜன்னலைத் திறந்த பிறகுதான் குச்சியைத் தொடுகிறேன். சாமி படம் நனைந்தால் நனையட்டும்.