இலட்சுமி தோட்டம்

எண்பதுகளின் கடைசியில், சைக்கிளில் ஊரூராகப் போய்க் காணிப் பெயர்களுக்குக் காரணம் தேடிக் கொப்பியில் எழுதிவந்தேன். அச்சுவேலிப் பக்கம் ஒரு தை மாதக் காலை. பனிப்புகாரில் வெங்காயத் தோட்டம் மிதப்பதுபோல் கிடந்தது. வாய்க்காலில் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்ற கமக்காரரிடம் அந்தக் காணியின் பெயரைக் கேட்டேன். என் கொப்பியையே சற்று நேரம் பார்த்துவிட்டு, "இலட்சுமி தோட்டம்" என்றார். முன்பு அங்கே இலட்சுமி கோயில் இருந்திருக்க வேண்டுமென்று நானே முடிவுகட்டி, ஒரு சஞ்சிகையிலும் எழுதிவிட்டேன்.

மறுவருடம் போனபோது அவர் சிரித்தார்.

"இலட்சுமி என்ரை பசுவின்ரை பேர், தம்பி. ஆமிக் காம்ப் போடக் காணி பாக்க வந்த ஆளெண்டு நினைச்சு, உண்மைப் பேரை மறைச்சுப்போட்டன். நீர் எழுதினதை வாசிச்சு இப்ப ஊரே அப்பிடித்தான் சொல்லுது."

பனிக்குள் நின்று இலட்சுமி அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, சொன்னவர் யார் என்பதோடு, என்ன பயத்தில் சொன்னார் என்பதையும் எழுதிவைக்கிறேன்.