தோள்கொடுத்த அனைவருக்கும்

மனைவிக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து மட்டாஞ்சேரி வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகியிருந்தது. சாப்பாடு, வண்டி, ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆள் என்று எல்லாவற்றையும் ஒழுங்கு செய்ய உறவுக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். அதை முடித்துவைக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை.

எனக்கு நன்றி சொல்வதில் ஒரு பித்து உண்டு. மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் கடிதம் எழுதும் வேலையில் இருந்தபோது, என் கடிதங்களின் கடைசிப் பத்தியை மேலாளர் தவறாமல் அடித்துவிடுவார். ஓய்வுபெற்ற பிறகு அடிக்க ஆளில்லை.

காலைச் சாயாவிலிருந்து மத்தியானம் வரை உட்கார்ந்து எழுதினேன். "இத்தனை நாளும் உடனிருந்து தோள்கொடுத்த அனைவருக்கும் கண்ணீர் கலந்த நன்றி. அவள் பட்ட வேதனையெல்லாம் இன்றோடு தீர்ந்தது. கனத்த மனத்துடன் விடைபெறுகிறோம்." கீழே கும்பிடும் கைகள் பதினொன்று. நன்றி சொன்னவன் பாராட்டுக்காக நின்றுகொண்டிருப்பது அழகல்ல என்று உடனே குழுவைவிட்டு வெளியேறினேன். போனைச் சத்தமில்லாமல் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தேன். திருப்தியான தூக்கம்.

அழைப்பு மணி விடாமல் அடித்தது. நான் எழுந்து வருவதற்குள் மனைவி வாக்கரை ஊன்றிப் போய்க் கதவைத் திறந்திருந்தாள். வாசலில் பக்கத்து வீட்டுப் பெண். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் இங்கேயே படித்தவள், மலையாளம் மட்டுமே வாசிக்கத் தெரியும். அழுத முகத்தோடு நின்றவள் என் மனைவியைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனாள்.

"அய்யோ மாமி! உங்களுக்கு ஒண்ணுமில்லையா?"

"எனக்கென்னடி? முட்டுதான் கொஞ்சம் வேதனை. நீ ஏன் அழறே?"

"மாமா குரூப்ல எழுதியிருக்காரே. எனக்குத் தமிழ் வாசிக்க வராதுல்ல, போன்லயே மலையாளத்துல மாத்திப் பார்த்தேன். அதுல நீங்க போயிட்டீங்கன்னு..."

"மாத்தினதுல பிழை வந்திருக்கும்" என்றேன் நான் பின்னாலிருந்து.

மனைவி அவள் போனை வாங்கி, தமிழிலேயே நிதானமாகப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பிழையெல்லாம் இல்லையே. தமிழ்லயும் நான் போயிட்டேன்தான்."

என் போனில் இருபத்தேழு பேர் அழைத்து ஓய்ந்திருந்தார்கள். மனைவி அந்தப் பெண்ணின் போனிலேயே பேசிக் குழுவுக்கு அனுப்பினாள்: "நான்தான் பேசறேன். சுகமா இருக்கேன். எல்லாருக்கும் ரொம்ப நன்றி." நான் அரை நாள் செலவிட்டுச் சொல்ல முடியாததை ஐந்து நொடியில் முடித்துவிட்டாள்.

திருப்பூணித்துறையிலிருந்து அதற்குள் கிளம்பிவிட்ட அவள் தம்பி இதைக் கேட்டிருக்கவில்லை. கையில் ரோஜா மாலையோடு வந்து நின்றவன், அக்கா சாயா குடிப்பதைப் பார்த்து அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். அந்த மாலையை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

"அத்திம்பேரே, இனி குரூப்ல நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம், கேட்டோ" என்றான்.

சாயா போட்டுக் கொடுத்து, "வந்ததுக்கு நன்றி" என்றேன். அதற்கே மனைவி திரும்பிப் பார்த்தாள்.