டானிக் பாட்டில்களை எண்ணியவர்

வடிவு இறந்துபோன செய்தி என்னைத் தேடி வரவில்லை. என் மனைவியைத் தேடி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை செம்பூரில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியவர், தாராவியில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் வடிவின் அண்ணன். நான்தான் திறந்தேன். "அலமேலு அம்மா இருக்காவளா? அவியட்ட ஒரு சேதி சொல்லணும்" என்றார். ஐந்து வருஷமாக வடிவுக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்தவன் நான். எனக்கில்லாத சேதி இவளுக்கு என்ன என்று எரிச்சல்கூட வந்தது. மஞ்சள் காமாலை, பத்தே நாள், முடிந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அலுவலக நண்பர்களே, உங்களுக்காக இதை எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்து போய்விட்டேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்கிறேன். நம் அலுவலகம் வீடு வீடாகக் கணக்கெடுத்து அரசாங்கத்துக்கு அறிக்கை தருவது. வடிவு கேள்வித்தாளோடு வீடுகளுக்குப் போகிற பெண்மணி. நான் திரும்பி வந்த தாள்களைச் சரிபார்க்கிறவன். வெளியே போகிறவர்கள் பென்சிலில்தான் எழுத வேண்டும். கட்டத்துக்கு வெளியே எது இருந்தாலும் நான் ரப்பரால் அழித்து, சுத்தமாக அடுத்த பிரிவுக்கு அனுப்புவேன். என் கையிலிருந்து போகும் தாளில் ஒரு கிறுக்கல் இருக்காது என்று எனக்குப் பெரிய கர்வம்.

மூன்று வருஷத்துக்கு முன், பம்பாயில் டிராம் ஓடிய கடைசி நாட்களில் நடந்தது இது. தாராவிக் குடிசைகளிலிருந்து ஒரு பகுதியினரைச் செம்பூருக்கு அப்பால் சிமெண்ட் வீடுகளுக்கு மாற்றியிருந்தார்கள். யாருக்கு எந்த வீடு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தார்கள். அடுத்த பகுதியினரை அனுப்புவதற்கு முன், போனவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னார்கள். சம்பளம், வாடகை, குழாய், நோய் என்று கட்டங்கள். வடிவு கொண்டுவந்த தாள்களில் நோய்க் கட்டத்தில் 'இல்லை' என்று இருக்கும். கட்டத்துக்கு வெளியே 'டானிக்' என்று எழுதியிருப்பார். சிலவற்றில் 'டானிக், இரண்டு பாட்டில்'. அத்தனையையும் அழித்தேன். மறுநாள் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"சார், நான் எழுதுனது எங்க?"

"கட்டத்துக்குள்ள இருக்கறது இருக்கு. வெளியில இருந்ததை அழிச்சாச்சு."

"வீட்டுக்கு வீடு சன்னல்ல டானிக் பாட்டில் நிக்கி சார். ஒடம்புக்கு என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லங்காவ. டாக்டர் பலவீனம்னு எழுதிக் குடுத்திருக்காராம். தாராவியில தெருக்கொழாயில நின்னு கொடம் கொடமா தண்ணி தூக்கினவளுக்கு, கொழாய் வீட்டுக்குள்ள வந்த பொறவு என்ன பலவீனம்?"

"அதைக் கேக்கறதுக்கு நமக்குக் கட்டம் இல்லை, வடிவு."

"அப்ப கட்டத்தப் போடுங்க."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. வடிவு லீவு போட்டுவிட்டு, சொந்தச் செலவில் பஸ் ஏறி, அந்த வீடுகளுக்கெல்லாம் மறுபடி போனார். இந்த முறை பேனாவால் எழுதினார். மையை அழிக்க முடியாதே! மேலதிகாரி விளக்கம் கேட்டு அவருக்கு ஒரு மெமோ கொடுத்தார். அந்தத் தாள்களைச் சேர்க்கலாமா, தள்ளலாமா என்று எழுதும் பொறுப்பை என் தலையில் கட்டினார்.

நேரில் பார்த்துவிட்டு எழுதுங்கள் என்று வடிவு என்னை இழுத்துக்கொண்டு போனார். பேச்சியம்மாள் என்ற பெண்ணின் வீடு. தரை பளபளவென்று இருந்தது. சன்னலில் பாட்டில். "வீட்டுக்குக் கொறை சொல்லக் கூடாதுய்யா" என்றாள். "ஆனா பிள்ளைய ஆருட்ட விட்டுட்டு வேலைக்குப் போவேன்? அங்கன எதுத்த வீட்டுல போட்டுட்டு மாட்டுங்காவுக்குப் பாத்திரம் தேய்க்கப் போயிருவேன். இங்க எதுத்த வீட்டுல இருக்கவிய ஆருன்னே தெரியல. கதவச் சாத்துனா எனக்கு மூச்சு முட்டுது." வாரத்தில் ஒருநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாராவிக்குப் போய், பழைய சந்தில் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவாளாம்.

திரும்பும்போது வடிவு சொன்னார்: "குலுக்கல் நியாயந்தான் சார். சீட்டுல வீடு வருது. பக்கத்து வீட்டுக்காரி வரலையே." ஆளுக்கு ஒரு சீட்டு வேண்டாம், சந்துக்கு ஒரு சீட்டு போடட்டும், சந்தோடு போனால் பிள்ளையைப் பார்க்க ஆள் இருக்கும், வருமானம் நிற்காது, மனசும் நிலைகொள்ளும். இதுதான் அவருடைய ஆராய்ச்சி முடிவு. பெரிய படிப்பெல்லாம் இல்லை, பள்ளி இறுதி வரைதான். என்னால் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை. இது ஆராய்ச்சியா, அனுதாபமா என்று மேலதிகாரி கேட்டால் என்ன சொல்வது என்று பயம்.

மூன்றாம் நாள் மாலை வீட்டில் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனேன். சன்னலில் டானிக் பாட்டில் இருந்தது. மாட்டுங்காவிலிருந்து நாங்கள் செம்பூருக்குக் குடிவந்து அப்போது இரண்டு வருஷம். அலமேலுவுக்குப் பலவீனம் என்றார் டாக்டர். மாதாமாதம் வாங்கி வந்து அங்கே வைத்தவன் நானேதான். ஊரார் வீட்டுத் தாளிலெல்லாம் எந்த வார்த்தையை அழித்தேனோ, அது என் வீட்டில் நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் கையெழுத்துப் போட்டேன். வடிவிடம், "எங்க வீட்டுலயும் ஒரு பாட்டில் இருக்கு" என்று விளையாட்டுப் போலச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "வெலாசம் சொல்லுங்க" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அறிக்கையின் கடைசியில் இரண்டு வரி சேர்ந்தது. அடுத்த பகுதியினரைச் சந்து சந்தாகக் குலுக்கி அனுப்பினார்கள். நான் பெருமையாக வந்து சொன்னபோது, "மொதல்ல போனவியளுக்கு?" என்றார். பேச்சியம்மாள் முதலில் போனவர்களில் ஒருத்தி.

அண்ணன் போன பிறகு அலமேலு அழுதாள். "வியாழக்கிழமை தவறாம வருவா. இந்தப் பக்கம் வேலைக்கு வரும்போது மத்தியானம் இங்க வந்து சாப்பிடுவா. மூணு வருஷமா."

"என்ன பேசுவீங்க?"

"என்னத்தைப் பேசறது? ரேஷன் அரிசியில கல்லு பொறுக்குவோம்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே."

டானிக் வாங்குவது நின்று நெடுநாள் ஆகிவிட்டது. டானிக் குணப்படுத்திவிட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வடிவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த வியாழக்கிழமையைத்தான். போன வாரம் அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, முறத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, கால் பரபரத்தது, எழுந்துவிட்டேன்.

"வடிவு பாதியில எழுந்திருக்க மாட்டா" என்றாள் அலமேலு, தலை நிமிராமல்.

மறுபடி உட்கார்ந்தேன்.