என் கையைப் பிடித்த சகோதரன்

நம்பாதவர்கள் என் இடது உள்ளங்கையை வந்து பார்க்கலாம். தோல் இன்னும் சிவந்தே இருக்கிறது. இது 1913ஆம் வருடம் ஐப்பசியில், மைசூரில், எனக்கே நடந்தது.

அப்போது காட்டோரத்து மின்சார நிலையம் ஒன்றில் வேலை பார்த்தேன். மலேரியா பிடுங்கும் இடம். என் மனைவி யதுகிரி மைசூரில் நிறைமாதமாக இருந்தாள். முதல் இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. இந்த முறை நான் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். ஆனால் மாற்றல் கேட்டு எழுதிய மனுக்களை மேலதிகாரி நஞ்சுண்டசாமி படிக்காமலே திருப்பி அனுப்பினார்.

யதுகிரியின் தம்பி சக்ரபாணி ஒரு வழி சொன்னான்.

“மனுவெல்லாம் எதுக்கு அத்திம்பேர்? அவர் எங்க லாட்ஜுக்குத் தலைவர். நீங்களும் சேந்துடுங்கோ. ஆர்டர் தானா ஆத்துக்கு வரும்.”

“சேர்ந்து உனக்கு என்ன வந்தது?”

“ஹெட் கிளார்க் ஆனேனே, என் மூளையாலேன்னா நெனச்சேள்?”

லாட்ஜ் என்றால் தங்கும் விடுதி அல்ல. ஆண்கள் மட்டும் கூடும் ரகசிய சகோதர சங்கம். மண்டி மொஹல்லாவுக்குப் பின்னால், ஜன்னலே இல்லாத கட்டடம். வக்கீல், டாக்டர், கான்ட்ராக்டர் எல்லாரும் வருவார்கள். வீட்டில் மடி, அங்கே மேஜைச் சாப்பாடு. ‘உயிரைக் கொடுத்தும் சகோதரனைக் காப்பேன்’ என்று நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்வார்கள். கிடைப்பது என்ன? ஒருவனுக்குக் கான்ட்ராக்ட். ஒருவனுக்குப் பதவி. ஒருவன் பெண்ணுக்கு வரன். வெளியே கொடுத்தால் லஞ்சம், உள்ளே கொடுத்தால் சகோதரத்துவம்.

அந்தக் கதவு மட்டும் எனக்குப் பிடித்துப்போனது. எந்தக் கருவியானாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. அந்தக் கதவுக்குச் சாவி கிடையாது. உள்ளே மட்டும் ஒரு தாழ்ப்பாள், அதன் பக்கத்தில் ஒரு காவலர். வெளியே வாளோடு இன்னொருவர். புதிதாகச் சேர்பவனுக்குக் கண்ணைக் கட்டுவார்கள். வெளிக்காவலர் அவன் உள்ளங்கையில் ஒரு தாளம் தட்டிக் காட்டுவார். அதையே அவன் கதவில் தட்ட வேண்டும். சரியாக இருந்தால் திறக்கும். தாளம்தான் சாவி.

என் முறை வந்தது. மாலை ஏழு மணி. வெளிக்காவலர் கரியப்பன், கொள்ளேகால்காரர், என் கண்ணைக் கட்டினார்.

“அசையாம நில்லுங்க சாமி. வாளெடுத்துக்கிட்டு வந்தர்றேன்.”

அவருடைய பூட்ஸ் சத்தம் தூரமாகப் போனது. சற்று நேரத்தில் ஒரு கை என் இடது கையைப் பிடித்தது.

அந்தக் கை கொதித்தது. மனுஷனுக்குக் காய்ச்சல் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மெல்ல நடத்திச் சென்றார். அக்குளில் ஏதோ வலிப்பது போல, கையை உடம்போடு சேர்க்காமல் அகட்டியே வைத்திருந்தார்.

ஃபினாயில் நெடி அடித்தது.

அப்போதுதான் கவனித்தேன்... பூட்ஸ் சத்தம் இல்லை. வெறுங்கால்.

“கரியப்பா?”

மூச்சு மட்டும். ஹ்ஹ்... ஹ்ஹ்...

உள்ளங்கையில் ஒரு விரல் தட்டியது. டக் டக்... டக்.

கதவில் தட்டினேன். டக் டக்... டக்.

உள்ளே பேச்சு நின்றது.

நாற்காலி விழுந்தது.

“தெகீபேட! திறக்காதே!” நஞ்சுண்டசாமியின் குரல்.

தாழ்ப்பாள் விலகிவிட்டது.

அனல் ஒன்று என்னை உரசிக்கொண்டு உள்ளே போனது.

அந்தக் கை என் கையை விட்டது.

கண்கட்டைப் பிய்த்தேன். கதவருகே உள்காவலாகச் சக்ரபாணி நின்றிருந்தான். நஞ்சுண்டசாமி சுவரோடு ஒட்டி நின்று, எதிரே வெறும் இடத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

பின்னால் வாளோடு ஓடி வந்தார் கரியப்பன். “ஏஞ்சாமி, நான் வர்றதுக்குள்ள ஆரோ கையப் புடிச்சாப்பல நடந்து போறீங்களே?”

மறுநாள் காலை என் மாற்றல் உத்தரவு வந்தது. முந்தின இரவே நஞ்சுண்டசாமி கையெழுத்துப் போட்டிருந்தார். மூன்றாம் நாள் நஞ்சுண்டசாமி இறந்தார். அக்குளில் பிளேக் கட்டி. அந்தச் சமயம் ஊரில் பிளேக்கே இல்லை. ஓர் எலிகூடச் சாகவில்லை.

எங்கள் பெண் குழந்தை பிறந்தபோது நான் யதுகிரியின் பக்கத்தில் இருந்தேன். குழந்தை தங்கியது. தொட்டிலருகே நின்றுதான் சக்ரபாணி மெதுவாகச் சொன்னான்.

“தாளம் தப்பாத்தான் தட்டினேள். புதுசு, தடுமாறிட்டேள்னு நெனச்சுத் திறந்தேன். அது பழைய தாளமாம், அத்திம்பேர்.”

1898 பிளேக்கில், கூட்டம் நடக்கும்போது லிங்கப்பன் என்ற சகோதரன் காய்ச்சலோடு வந்து தட்டியிருக்கிறான். சரியாகவே தட்டியிருக்கிறான். அன்று உள்காவல் நஞ்சுண்டசாமி. தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டே நின்றாராம். மற்றவர்கள் விருந்தை முடித்தார்கள். தட்டுவது நின்றதும் கதவைத் திறந்து, வாசலில் கிடந்தவன்மேல் ஃபினாயிலை ஊற்றிவிட்டு, தாண்டி வீட்டுக்குப் போனார்கள்.

“அப்புறம்?”

“அப்புறமென்ன, தாளத்தை மாத்திட்டா.”

இப்போது சகோதரர்கள் வேறு இடத்தில் கூடுகிறார்கள். பழைய கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. காவலுக்குக் கரியப்பன் மட்டும். போன வாரம் அவரைச் சந்தையில் பார்த்தேன்.

“அந்தக் கதவில் இன்னும் தட்டல் கேட்கிறதா கரியப்பா?”

“கேக்குதுங்க சாமி. ஆனா இப்ப உள்ளேருந்து தட்டுது.”