மாமனாரின் ஹீட்டரும் மருமகளின் மூக்கும்

அந்தக் குளிரில் துணி காயவே காயாது. காலையில் துவைத்துப் போட்டதை மறுநாள் சாயங்காலம் தொட்டாலும் தவளை முதுகு மாதிரி சில்லென்றிருக்கும். வீட்டில் கைக்குழந்தை வேறு. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு துணியாவது நனைத்துவிடும். ஆனாலும் அந்த வீட்டு மருமகள் விடிந்து கண் விழிக்கும்போது, தலைமாட்டில் குழந்தைத் துணி அத்தனையும் காய்ந்து, மடித்து, அடுக்கி இருக்கும். செய்தது யார் என்று யாரும் சொல்லவில்லை. புருஷன்தான் என்று ஒரு வாரம் மனசுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டாள். பிறகுதான் யோசித்தாள். போர்வைக்கு வெளியே ஒரு கால்விரலை நீட்டவே நாள் நட்சத்திரம் பார்க்கிற மனுஷனாச்சே அவர்!

ஒரு நாள் விடிகிற நேரத்தில் எழுந்து முன்னறையை எட்டிப் பார்த்தாள். மாமனார் மண்ணெண்ணெய் ஹீட்டர் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு துணியையும் இரண்டு கையாலும் விரித்து, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று சூட்டில் காட்டிக்கொண்டிருந்தார். காய்ந்ததா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தார். ஈரம் தட்டினால் மறுபடி காட்டினார். அதைப் பார்த்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

கண் நிறைந்ததே தவிர, மூக்கு சும்மா இருக்க வேண்டுமே! அந்தத் துணியில் அடித்த மண்ணெண்ணெய் நாற்றம் கொஞ்ச நஞ்சமல்ல. முதல் நாளே முகர்ந்து பார்த்து ஓங்கரித்திருந்தாள். அன்றிலிருந்து ஆண்கள் இரண்டு பேரும் வேலைக்குப் படியிறங்கியதும், அத்தனை துணியையும் மறுபடி சோப்புப் போட்டுத் துவைத்துச் சமையலறைக் கொடியில் காய வைப்பாள். செய்தவர் யார் என்று தெரிந்த பிறகு வாயைத் திறக்க இன்னும் கஷ்டமாகிவிட்டது. அவர் காய வைப்பார், இவள் துவைப்பாள். நனைக்கிற குழந்தை மட்டும் நிம்மதியாக நனைத்துக்கொண்டிருந்தது.

மாமனாருக்கு பஸ் டிப்போவில் வேலை. கழற்றிப் போட்ட இரும்புச் சாமான்களை மண்ணெண்ணெய்த் தொட்டியில் முக்கி, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். முப்பத்திரண்டு வருஷமாக அதே தொட்டி, அதே பிரஷ். பேரிங் கழுவுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அதனால் டிப்போவில் அவருக்குப் பேரே 'பேரிங் அண்ணன்'தான். விரல் நகங்களைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு. எந்தச் சோப்புக்கும் அது அசைந்து கொடுத்ததில்லை. மனைவி போய் நான்கு வருஷம். யாரையும் ஒரு சுடுசொல் சொல்லமாட்டார். காலையில் கடவுளைக் கும்பிடாமல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அப்படிப்பட்ட மனுஷரை நாற்றம் பிடித்தவர் என்று நினைப்பதே பாவமாக இருந்தது மருமகளுக்கு. ஆனால் நாறியதே, என்ன செய்வது?

வீட்டில் நாறாத இடம் இல்லை. தலையணை நாறியது. தலைமுடி நாறியது. மூடி வைத்த சோற்றைத் திறந்தால் அதிலும் அந்த வாடை. குடிக்கிற தண்ணீரில்கூட நாக்கின் ஓரத்தில் எண்ணெய் தட்டியது. சுவரைத் தொட்டால் விரல் பிசுபிசுவென்று ஒட்டியது. ஹீட்டருக்கு நேர் மேலே கூரையில் பெரிய தட்டு அளவுக்குக் கறுப்பு வட்டம். மூலையில் இருந்த ஒட்டடை கறுப்பு நூலாகி, அதில் சாம்பல் மணிமணியாகத் தொங்கியது. குளிர் வராமல் இருக்க ஜன்னல் இடுக்கெல்லாம் பழந்துணி வைத்து அடைத்திருந்தார் மாமனார். அதனால் உள்ளே எரிந்ததெல்லாம் உள்ளேயே கிடந்தது. காலையில் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் கரி. துப்பினால் கறுப்பு. சீ, இது மனுஷ வாயா, புகைப்போக்கியா என்று அவளுக்கே அவள்மேல் அருவருப்பாக இருக்கும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஒரு நாள் குழந்தையைக் குளிப்பாட்டி, பஞ்சைத் திரித்து அதன் மூக்கைத் துடைத்தாள். பஞ்சு கறுப்பாக வந்தது. இன்னொன்று திரித்தாள். அதுவும் கறுப்பு. இரண்டு மாதக் குழந்தையின் மூக்கிலிருந்து! அந்த வாரமே குழந்தைக்கு நெஞ்சில் விசில் மாதிரி சத்தம் வர ஆரம்பித்தது. பால் குடிக்கும்போது நடுவில் விட்டுவிட்டு மூச்சுக்குத் தவித்தது.

மருத்துவமனையில் டாக்டரம்மா குழந்தையின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, தாயின் புடவையை முகர்ந்து பார்த்தார்.

"வீட்டுல என்னம்மா எரிக்கறீங்க?"

"மண்ணெண்ணெய் ஹீட்டர், டாக்டர்."

"மண்ணெண்ணெய் இப்படி நாறாதே. என்னமோ கண்டதைக் கலந்து எரிக்கறீங்க. இந்தக் குழந்தை இன்னும் ஒரு வாரம் அந்தப் புகையில படுத்ததுன்னா, அப்புறம் இங்கதான் படுக்க வேண்டியிருக்கும். சொல்லிட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் சொன்னாள். அவர் வாசலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் தன் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அப்பாகிட்ட யாரு சொல்றது?"

"பெத்த பிள்ளை நீங்க இருக்கீங்களே."

"எனக்கு அவர் முன்னால பேச்சே வராதும்மா."

"என் முன்னால மட்டும் நல்லா வருதே! ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள அந்த ஹீட்டருக்கு ஒரு வழி பண்ணலேன்னா, பிள்ளையத் தூக்கிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். நீங்களும் உங்கப்பாவும் இதுல உட்கார்ந்து வெந்துக்கோங்க."

கடைசியில் அவளேதான் சொல்ல வேண்டியிருந்தது. முடிந்த மட்டும் பணிவாகச் சொன்னாள்: "மாமா, ஹீட்டர் கொஞ்சம் நாறுது."

அவர் எழுந்து போய், ஹீட்டருக்கு மேல் குனிந்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். "எங்கம்மா? ஒண்ணுமில்லையே. பிள்ளை பெத்த உடம்பு, மூக்கு கொஞ்சம் கூர்மையா இருக்கும். போகப் போகச் சரியாயிடும்."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பொய்யை இப்படியா கூசாமல் சொல்வது என்று நினைத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனபோது, அந்த நாற்றத்தின் ஊற்றுக்கண்ணையே பார்த்துவிட்டாள். மாமனார் ஒரு வாளியின் வாயில் தன் பழைய பனியனை நான்காக மடித்துக் கட்டி, கேனிலிருந்து மெல்ல ஊற்றிக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெய் என்றால் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும். இது ஆறிப்போன டீ நிறத்தில் இருந்தது. பனியன் மேல் தங்கியதைப் பார்த்தாள். கறுத்த கிரீஸ் கட்டி, இரும்புத் தூள், பிரஷ் மயிர், ஒரு கரப்பான் பூச்சியின் கால். ஊற்றி முடித்ததும் பனியனை முறுக்கிப் பிழிந்து உதறி, கொடியில் போட்டார். பக்கத்திலேயே குழந்தையின் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

"மாமா! என்னது இது?"

"டிப்போவுல பேரிங் கழுவினதும்மா. ஒரே ஒரு தடவை கழுவினதுதான். சாக்கடையில கொட்டச் சொல்றாங்க. ஆண்டவன் கொடுத்ததைக் கொட்ட மனசு வருமா? அதான் வடிகட்டி எடுத்துட்டு வந்துடறேன்."

"இதையா ஹீட்டர்ல ஊத்தறீங்க?"

"கண்ணாடி மாதிரி வடிகட்டிட்டேனே, பாரு."

அவள் பார்த்தாள். கரைந்து போன கிரீஸை எந்தப் பனியன் வடிகட்டும்? அதுதான் இத்தனை நாளாகக் குழந்தையின் மூக்கில் கரியாக வந்தது. குழந்தையின் சட்டையை உருவிக்கொண்டு கீழே இறங்கினாள். பெட்டியை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பித்தாள். ஞாயிறுவரைகூடக் காத்திருக்க அவளுக்கு மனமில்லை.

அவள் பெட்டி கட்டுகிற நேரத்தில் மாமனார் கையைக் கழுவிவிட்டு வந்து, குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் முன்னறையிலிருந்து ஒரு நாற்றம் கிளம்பியது. இது மண்ணெண்ணெய் அல்ல. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த புருஷன், "ஐயையோ!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டார். மருமகள் ஓடி வந்து பார்த்தாள். குழந்தை முழுசாக வேலையை முடித்திருந்தது. சுற்றிய துணிக்குள் நிறைந்து, ஒரு பக்கமாக வழியத் தொடங்கியிருந்தது. மாமனார் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. குனிந்து, குழந்தையின் வயிற்றில் மூக்கை வைத்து உரசிக் கொஞ்சிக்கொண்டிருந்தார்.

"சமத்தும்மா இது. ஒண்ணுமே பண்ணல, அழகா இருக்கு" என்றார் அவளிடம்.

அவள் அப்படியே நின்றாள். பொய் சொல்கிற முகம் இல்லை அது.

குழந்தையை வாங்கிக் கழுவிப் படுக்க வைத்துவிட்டு, இரண்டு துணி எடுத்து வந்தாள். ஒன்று சோப்பில் துவைத்தது, மற்றது ஹீட்டரைத் துடைத்தது. "மாமா, கண்ணை மூடிக்கோங்க. எது எதுன்னு சொல்லுங்க."

அவர் முகர்ந்தார். மாற்றி மாற்றி முகர்ந்தார். பிறகு கண்ணைத் திறந்து, துணியைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தார்.

"தெரியலம்மா" என்றார். "ரொம்ப வருஷமாவே தெரியல."

"எத்தனை வருஷமா?"

"யார் கண்டா? திடீர்னு போயிருந்தா நாள் சொல்லலாம். கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. டிப்போவுல சொன்னா தொட்டி வேலையிலிருந்து எடுத்துடுவாங்க. தொட்டியில பெட்ரோல் கலந்திருந்தா மோந்துதானே கண்டுபிடிக்கணும்? அதனால வாயத் திறக்கல. உன் அத்தைக்கே தெரியாது. அவ சாப்பாட்டைத் தீய விட்டுட்டு அழுவா. நான் நல்லாத்தானே இருக்குன்னு இன்னொரு கரண்டி கேப்பேன். என்ன தங்கமான மனுஷன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா, பாவம்."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. டாக்டரம்மா சொன்னதையும், பஞ்சு கறுத்ததையும் அப்போதுதான் அவரிடம் முழுசாகச் சொன்னாள். அவர் கையை விரித்துப் பார்த்தார். தன் நகத்தைச் சுற்றியிருந்த கறுப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் உடம்பைத் தானே அருவருத்துக்கொள்கிற ஒரு மனுஷனின் முகத்தை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். கட்டிய பெட்டியை ஓரமாகத் தள்ளினாள்.

"ஹீட்டரை மாடிக்குத் தூக்குங்க மாமா" என்றாள்.

மாடியில் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அவள் நின்றாள்; அவர் கழற்றினார். டேங்கைக் கவிழ்த்ததும் மண்ணெண்ணெயோடு கடைசியில் சளி மாதிரி ஒன்று வழுக்கிக்கொண்டு விழுந்தது. உள்ளே ஊறிச் செத்த பூச்சிகள். திரியின் தலையில் கறுப்புப் பிசின் பாறையாக இறுகி இருந்தது. நகத்தால் கிள்ளினால் வரவில்லை. கத்தி வைத்துச் சுரண்டினார். துணியைத் தாண்டியும் நாற்றம் ஏறி, அவள் இரண்டு தடவை சுவரோரமாகப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தாள். "நீ போம்மா" என்றார். "நான் போயிட்டா, நாத்தம் போயிடுச்சுன்னு யார் சொல்றது?" என்றாள்.

டேங்கைச் சுத்தமான மண்ணெண்ணெய் விட்டு மூன்று முறை அலசினார்கள். திரி ஊறியதும் திறந்த வெளியில் ஏற்றி, எண்ணெய் தீர்ந்து தானாக அணையும்வரை எரிய விட்டு, மிச்சப் பிசினைச் சாம்பலாக்கித் தட்டினார்கள். இப்படி மூன்றாம் முறை எரித்த பிறகுதான் சுடர் மஞ்சள் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு, வட்டமாக, நீலமாக நின்றது. அலசியதையும் கேனில் மிச்சமிருந்ததையும் அவரே டிப்போவுக்குச் சுமந்து போய், அங்கே ஒரு காலிப் பீப்பாயில் ஊற்றிவிட்டு வந்தார். சாக்கடையில் கொட்ட அன்றைக்கும் அவருக்கு மனசு வரவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. கடை மண்ணெண்ணெய்தான். ஹீட்டர் ஆறிய பிறகு பால்கனியில் வைத்துதான் ஊற்ற வேண்டும். ஊற்றி, சிந்தியதைத் துடைத்துவிட்டு, மாமனார் "மூக்கு!" என்று குரல் கொடுப்பார். மருமகள் வந்து குனிந்து முகர்வாள். "இன்னொரு தடவை துடைங்க" என்றால் துடைப்பார். "சரி" என்றால்தான் ஹீட்டர் உள்ளே வரும். ஜன்னல் இடுக்கிலிருந்த பழந்துணிகள் போய், இரண்டு விரல் அகலம் எப்போதும் திறந்திருக்கும். குழந்தை தூங்குகிற அறைக்குள் ஹீட்டர் வரவே கூடாது. அவருக்குச் சாப்பாடு வைக்கும் முன்னும் அவள்தான் முகர்ந்து பார்ப்பாள். "கெட்டுப் போயிருக்கா?" என்று கேட்பார். "கெட்டா உங்களுக்கு ஏன் வைக்கறேன், உங்க பிள்ளைக்குத்தான் வைப்பேன்" என்பாள்.

கடவுள் புண்ணியத்தில் குழந்தையின் நெஞ்சு விசில் மெல்ல மெல்ல அடங்கியது. ஆனாலும் டாக்டரம்மா, குளிர் இல்லாத ஊராக இருந்தால் ரொம்ப நல்லது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்த குளிருக்கு முன்னால் புருஷனுக்கு அப்படி ஓர் ஊரில் வேலை கிடைத்தது. மாமனாரையும் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற இன்னும் சில மாதம் இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்றார். வரவில்லை. அந்தக் குளிரிலேயே, டிப்போவிலிருந்து திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஹீட்டரை அன்றைக்கு ஏற்றியிருக்கவே இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். தனியாக இருக்கும்போது அவர் அதை ஏற்றுவதே இல்லையாம். கேட்டால், மோந்து பார்க்க ஆள் இல்லையே என்பாராம்.

அவள் அவரைக் கடைசியாகப் பார்த்தது, புது ஊருக்குக் கிளம்பிய அன்று பஸ் நிலையத்தில்தான். அன்றைக்கு அவர் தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்திருந்தார். மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்தாராம். குழந்தையை நீட்டினால் வாங்கவில்லை. இரண்டடி தள்ளியே நின்றார். "முதல்ல என் தோளை மோந்து பாரும்மா. உண்மையைச் சொல்லு" என்றார்.

அவள் அவர் தோளில் முகத்தை வைத்தாள். சோப்பு வாசனை இருந்தது. அதற்கு அடியில், தோலுக்குள்ளிருந்து, முப்பத்திரண்டு வருஷத்துத் தொட்டியும் வந்தது. கடவுள் சாட்சியாக அவளால் பொய் சொல்ல முடியவில்லை.

"நாறுது மாமா" என்றாள். குழந்தையை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் வாங்கி, ஒரே ஒரு தடவை நெஞ்சோடு அணைத்துவிட்டு, பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகத் திருப்பிக் கொடுத்தார். வாய் நிறையச் சிரிப்பு.

"நான் காய வச்ச துணியையெல்லாம் நீ மறுபடி துவைச்சது எனக்கு அப்பவே தெரியும். இந்தப் பொண்ணுக்குச் சுத்தம் ஜாஸ்தின்னு நினைச்சுக்கிட்டேன்" என்றார். "இப்ப பிள்ளை போட்டிருக்கிற துணியையும் இறங்கினதும் முதல் வேலையாத் துவைச்சுடு. குழந்தைக்கு நல்லா சோப்புப் போட்டுக் குளிப்பாட்டு. மறந்துடாதேம்மா."