கஜு போட்ட அணு

எங்கள் ராத்தாவின் நிக்காஹை முடிவு செய்தது ஓர் அணு. வெளியே சொன்னால் எனக்குத்தான் மூளை பிசகிவிட்டது என்பார்கள். ஆனால் நடந்தது அதுதான், அதில் பாதிக் குற்றம் என்னுடையது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நாங்கள் ராத்தா என்று கூப்பிடும் என் அக்கா கல்முனையில் உயர்தரம் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தாள். அணுவைப் பற்றி மனிதர்கள் காலத்துக்குக் காலம் என்ன நினைத்தார்கள் என்பதை அவள் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு நான்கு தட்டுகளில் செய்தாள். முதல் தட்டில் விளையாடும் கண்ணாடிப் போளை ஒன்று. அணுவை உடைக்கவே முடியாது என்று நம்பிய காலம் அது. இரண்டாவதில் வட்டிலப்பம், முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவிக்கும் இனிப்பு. அணுவுக்குள்ளே இன்னும் சிறிய துணிக்கைகள் எங்கும் பதிந்திருக்கின்றன என்று ஒருவர் சொன்னாராம், அதற்காக உள்ளெங்கும் கஜு, அதாவது முந்திரிப்பருப்பு. மூன்றாவதில், சோறு மூடும் வலைமூடியின் நடுவே நூலில் ஒட்டிய ஒரு கடுகு. கனமெல்லாம் அந்தக் கடுகில்தான், மற்றதெல்லாம் வெற்றிடம் என்று முந்தியவரின் மாணவரே கண்டுபிடித்துவிட்டாராம். நான்காவதில் கடுகைச் சுற்றிச் சின்னதும் பெரியதுமாய் என் வளையல்கள். துணிக்கைகள் அந்தந்தப் பாதையில்தான் ஓடுமாம். வளையல் கொடுத்ததால் அணுவில் எனக்கும் பங்கு உண்டென்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

கண்காட்சிக்கு முதல் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, சொல்லாமல் கொள்ளாமல் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் உம்மாவும் அவரது தங்கையும். வீட்டில் இனிப்பென்று ஒன்றுமில்லை. இரண்டாம் தட்டு ஆறிக்கொண்டிருந்தது. உம்மா யோசிக்காமல் கத்தியை எடுத்துவிட்டார்.

அறைக்குள் ராத்தா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உம்மாட்டச் சொல்லி வேலையில்ல. நீ அந்த மாமிட்டயே சொல்லு. ராத்தா சோதினை எழுதணுமாம், அதுக்குப் புறகு பாப்பமாம் எண்டு. சொல்லுவியா?"

ஓம் என்றேன்.

மாப்பிள்ளையின் உம்மாவான அந்த மாமி நல்ல மனுஷி. என்னை மடியில் இருத்திக்கொண்டு வட்டிலப்பத்தை ஒரு கடி கடித்தார். பிறகு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் பக்கம் கஜுவை மேலே தூவுவதுதான் வழக்கம். இதில் அடிவரை பதிந்திருந்தது. யார் செய்தது என்று கேட்டார், ராத்தா என்றேன்.

"எந்தத் துண்ட எடுத்தாலும் கஜு இரிக்கி," என்றார் மாமி தங்கையிடம். "மேல மட்டும் தூவி ஏமாத்தல்ல. இந்தக் கை குடும்பத்தப் பாக்கும்."

அது விஞ்ஞானம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மாமி ஒரு துண்டை ஊட்டிவிட்டார். கல்யாணத்துக்கு எனக்குப் பிடித்த நிறத்தில் பட்டுச் சட்டை எடுத்துத் தருவதாகவும் சொன்னார். விழுங்கி முடித்தபோது எனக்குச் சட்டையின் நிறம்தான் ஞாபகத்தில் இருந்தது.

அவர்கள் போனதும் ராத்தா கேட்டாள். "சொன்னியா?"

"ஓம்."

"மாமி என்ன சொன்னா?"

"ஒண்டும் சொல்லல்ல."

ராத்தா வட்டிலப்பத் தட்டைக் கழுவி வைத்தாள். மறுநாள் நான்கு தட்டுகளையும் கொண்டுபோனாள். இரண்டாவது வெறும் தட்டு, பெயர் எழுதிய காகிதத் துண்டு மட்டும் அதில் ஒட்டியிருந்தது. சோதினைக்கு முன்பே நிக்காஹ் முடிந்தது. ஊர் வழக்கப்படி எங்கள் வீடு சீதனமாக அவளுக்கானது, நாங்கள் பின்வளவில் சின்னதாய் ஒன்று கட்டிக்கொண்டு போனோம். இவ்வளவு பெரிய வீடு கிடைத்தும் அவள் ஏன் சிரிப்பதில்லை என்று நான் உம்மாவிடம் கேட்டேன்.

மாமி இன்றும் ஒவ்வொரு பெருநாளுக்கும் அந்த வட்டிலப்பத்தைக் கேட்கிறார். செய்ய மறந்துபோச்சு மாமி என்று ராத்தா முகம் பார்க்காமல் சொல்கிறாள். என்ன பிழை செய்தோம் என்று தெரியாமல் அந்த மனுஷி கையைப் பிசைகிறார்.

பிறகு என் பாடப்புத்தகத்திலும் அந்த நான்கு படங்களும் வந்தன. ஒருவர் பிழையை அடுத்தவர் வந்து திருத்தியிருந்தார், யாரும் யாரோடும் கோபித்ததாக எழுதவில்லை. என் பிழையை மட்டும் யாரும் திருத்த முடியாது, அது பிழையென்று எனக்கு மட்டும்தான் தெரியும். தன் மன்றாட்டைக் கேட்டும் மாமி பேசாமல் இருந்துவிட்டார் என்றே ராத்தா இத்தனை வருடமும் நினைத்திருக்கிறாள். அவர் காதுக்கு அது போகவேயில்லை. நான் சொன்ன ஒரு 'ஓம்' இரண்டு பேரை இப்படிப் பிரித்து வைக்கும் என்று ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை. பட்டுச் சட்டை பச்சை நிறம்.