காதோடு சொல்பவர்

பெயர் கேட்கும் கட்டத்தில் பெயர் எழுதாமல் வெறும் இடைவெளியைத் தட்டி, பொத்தானை அழுத்திவிட்டுத் திரையை முறைக்கிறார் அக்கா. திரை அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. "அடப்பாவி, ஆளே இல்லாம டாக்டரப் பார்க்கக் கிளம்பிட்டியா?" என்று கணினியைக் கேட்கிறார்.

மருத்துவமனை முன்பதிவுக்கு மென்பொருள் செய்யும் அலுவலகத்தில் அவர் சோதனையாளர்; எல்லோருக்கும் அக்கா. லிஃப்டில் கதவைத் திறக்கும் பொத்தானையும் மூடும் பொத்தானையும் ஒன்றாக அமுக்கிப் பார்ப்பார். "உன்கூட வந்ததுக்கு நான் படியிலயே ஏறியிருக்கலாம்" என்பார் கணவர். புதுக் குடை வாங்கினால் மழைக்குக் காத்திருக்கமாட்டார். குழாயடியில் விரித்துவிடுவார்.

தவறு கண்டால் எல்லோரும் பார்க்கும் பலகையில் அவர் பதிவு செய்வதில்லை. ஓசைப்படாமல் எழுந்து, நிரல் எழுதியவரின் நாற்காலிக்குப் பின்னால் போய்க் குனிவார். "உங்க காதுக்கு மட்டும்." உடனே திருத்திவிடுவார்கள். யாருக்கும் தலைகுனிவில்லை, தவறுகளின் எண்ணிக்கையும் ஏறாது.

சோதனை முறை எவ்வளவு பக்குவப்பட்டிருக்கிறது என்று அளக்க, நிர்வாகம் இந்த வருடம் ஐந்து படி வைத்த ஒரு அளவுகோலைக் கொண்டுவந்தது. இவர்கள் இருப்பது இரண்டாம் படியில். மூன்றாவதுக்கு ஏற வேண்டுமென்றால், ஒருவர் கற்றது எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும். வேலையை இரண்டு வாரச் சுற்றுகளாக, 'ஸ்பிரிண்ட்'களாகப் பிரித்துக்கொண்டு ஓடும் குழுவுக்கு இதெல்லாம் எதற்கு என்று அக்காவுக்கு எரிச்சல். "ஓடறவன் தோள்ல ஏணியத் தூக்கி வச்சா எப்படி ஓடுவான்?"

பிறகுதான் முப்பத்தொன்றாம் தேதி விவகாரம் வந்தது. அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்துவிட்டு முப்பது நாள் மாதத்துக்குத் தாவினால், முன்பதிவு அதற்கும் அடுத்த மாதத்தில் போய் விழும். முதலில் அந்தத் தவறைச் செய்தவர் காதில் அக்கா சொன்னார். அடுத்த ஸ்பிரிண்டில் வேறொருவர் அதையே செய்தார். அவர் காதிலும் சொன்னார். மூன்றாமவர் செய்தது அக்காவின் கண்ணுக்குத் தப்பி வெளியே போய்விட்டது. ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வந்த ஒரு பெரியவரை, "உங்களுக்கு இன்னிக்கு இல்லையே" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் புகாரைப் படித்த அன்று அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை.

நேற்று நான்காம் முறை. இந்தத் தடவை செய்தவர், பள்ளிக்கூட வேலையை விட்டு இந்தத் தொழிலுக்கு வந்த 'வாத்தியார்'. அக்காவைவிட வயதில் மூத்தவர். அவருக்கும் இவர் அக்காதான். அவருடைய வேலை நிரந்தரமாகுமா என்பது இந்த வாரம் தெரிந்துவிடும்.

"எப்பவும்போல காதோட சொல்லிட்டு விட்டுருங்கக்கா. பொண்ண காலேஜ்ல சேர்க்கணும்."

"சொல்லிடலாம் வாத்தியாரே. அடுத்து செய்யப்போறவர் காதுக்கு யார் போறது?"

மேலாளரும் வந்து நின்றார். "மூணாம் படிக்குப் பார்வையிட ஆளுங்க வர்ற நேரம்கா. பலகையில புதுசா எதுவும் ஏற வேணாமே."

"இத மறைச்சுட்டு ஏறினா, அது என்ன படி சார்?"

இன்று காலை, எல்லோரும் நின்றபடியே பேசும் கூட்டம். அக்கா ஒரு அட்டையில் தேதி தாவுவதையும் பட்டினியோடு திரும்பிய பெரியவரையும் எழுதிப் பலகையின் நடுவில் ஒட்டினார். "இது நாலாவது தடவை. முதல் ரெண்டையும் நான்தான் காதோட அமுக்கிட்டேன்" என்றார். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாத்தியார் சுவரோரமாக, தரையைப் பார்த்துக்கொண்டு தனியே நின்றார்.

அக்காவின் இடம் எப்போதும் ஜன்னலோரம். இன்று அங்கே போகவில்லை. கூட்டத்தைக் குறுக்கே கடந்து வாத்தியாருக்குப் பக்கத்தில் போய், எல்லோரையும் பார்த்தபடி நின்றுகொண்டார்.